ஆறு எண்களும் ஒரு ஜெராக்ஸும்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது, முட்டிவலி மட்டும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். சாரலில் கொஞ்சத்தை மதுரைப் பக்கம் தள்ளிவிடு. இங்கே மொட்டை மாடியில் காலை வைக்க முடியவில்லை. முட்டிக்குத் தங்கச்சி சொல்கிற பயிற்சியைச் செய். நாற்பது வருஷம் பிள்ளைகளை 'வீட்டுக் கணக்கைப் போடு' என்று விரட்டியவன், உனக்குக் கொடுத்த வீட்டுப் பாடத்தை மட்டும் செய்ய மாட்டாயா?

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். ரிட்டயர் ஆன பிறகும் ராத்திரி ஒரு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் என்னடா பண்ணுகிறாய் என்று. என் வீட்டம்மா உனக்குப் போன் போட்டிருக்கிறாள், தெரிகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். 1975-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த அதே யூனிக்ஸ்தான். பல்கலைக்கழகங்களுக்குப் பரவலாகப் போன முதல் பதிப்பு அதுதான் என்று நம் வாத்தியார் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா?

அது ஓட பிடிபி-11 என்ற இயந்திரம் வேண்டும். பீரோ அளவுக்குப் பெட்டிகள், முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள். நான் எங்கே போவேன்? ஆனால் அந்த இயந்திரத்தைச் செய்த டிஜிட்டல் நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் சப்னிக், சிம்எச் என்று ஒரு எமுலேட்டர் எழுதியிருக்கிறார். பிடிபி-11-இன் ஒவ்வொரு ஆணையையும் ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் அது மென்பொருளாகவே நடித்துக் காட்டும். உள்ளே ஓடுகிற யூனிக்ஸுக்குத் தான் ஒரு மடிக்கணினிக்குள் இருப்பது தெரியாது. யூனிக்ஸ் பதிந்து வந்த காந்த டேப்புக்கும் அலைய வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் வாரன் டூமி தொடங்கிய யூனிக்ஸ் பாரம்பரியச் சங்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் அந்தப் பழைய பதிப்புகளை யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்துவிட்டதால் திருட்டுப் பயமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எமுலேட்டரில் டேப்பை மாட்டியாகிவிட்டது, வெறும் டிஸ்க்கையும் மாட்டியாகிவிட்டது. இயந்திரத்தின் நினைவகம் மொத்தமும் காலி. டேப்பில் இருப்பதைப் படி என்று அதற்கு யார் சொல்வது? படிக்கத் தெரிந்த நிரலே அந்த டேப்பில்தானே இருக்கிறது! பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி. அந்தக் காலத்து ஆபரேட்டர் முகப்புச் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி ஒரு குட்டி நிரலைக் கையாலேயே நினைவகத்தில் போடுவார். யூனிக்ஸோடு வந்த நிறுவல் குறிப்பில் அது அப்படியே இருக்கிறது. மொத்தம் ஆறே எண்கள், எல்லாம் ஆக்டல் (0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள எட்டடிமானக் கணக்கு):

012700
172526
010040
012740
060003
000777

நீ கணக்கு வாத்தியார், இது உனக்குப் பிடிக்கும். முதல் இரண்டும் சேர்ந்து 172526 என்ற எண்ணை ஒரு ரெஜிஸ்டரில், அதாவது இயந்திரம் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் ஒரு சின்ன எண் பெட்டியில், வைக்கின்றன. டேப் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் ஒரு பதிவிடத்தின் முகவரி அது. மூன்றாவது எண் ஒரு படி கீழே இறங்குகிறது. எத்தனை பைட் படிக்க வேண்டும் என்று எழுதும் இடம் அங்கேதான். அங்கே எதை எழுதுகிறது தெரியுமா? தன் கையில் இருக்கும் அந்த முகவரியையே எழுதிவிடுகிறது! எண்ணிக்கையை அங்கே எதிர்மறையாகத்தான் கொடுக்க வேண்டும். 172526 என்பதைப் பதினாறு பிட்டில் எதிர்மறை எண்ணாகப் படித்தால் நம் கணக்கில் −2730 (போட்டுப் பார்). டேப்பில் ஒரு பிளாக் 512 பைட்தான், அது முடிந்ததும் வாசிப்பு தானாக நின்றுவிடும். ஆகவே எண் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும், சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான்காவதும் ஐந்தாவதும் இன்னொரு படி இறங்கி, 'படி, கிளம்பு' என்று கட்டளை போடுகின்றன. ஆறாவதான 000777 தன்மேலேயே தாவுகிற ஆணை. டேப் சுற்றி முடியும் வரை நின்ற இடத்திலேயே நொண்டி ஆடிக்கொண்டிரு என்று அர்த்தம். அதற்குப் பிறகு இயந்திரத்தை நாம்தான் நிறுத்தி, பூஜ்ஜியத்திலிருந்து கிளப்ப வேண்டும்.

கிளப்பினேன். திரையில் ஒரே ஒரு குறி: =

வரவேற்பு கிடையாது, பதிப்பு எண் கிடையாது. எனக்கு என்னவோ மாப்ளே, அந்த ஒற்றைக் குறியைப் பார்த்ததும் கை தட்டிவிட்டேன். அந்தச் சத்தத்தில் எழுந்துதான் வீட்டம்மா உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும்.

அடுத்து டேப்பிலிருந்து டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். முதலில் ஒரு பிளாக், அப்புறம் 3999 பிளாக். ராத்திரி பதினொன்றரை மணிக் கண், ஒரு ஒன்பதை விட்டுவிட்டு 399 என்று அடித்துவிட்டேன். அது ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதைச் செய்தது, அவ்வளவுதான். டிஸ்க்கிலிருந்து கிளப்பினால் @ என்று வந்தது. ஆர்கேயுனிக்ஸ் என்று கெர்னலின், அதாவது யூனிக்ஸின் மைய நிரலின், பெயரை அடித்தால் மறுபடி @. இன்னொரு முறை அடித்தாலும் @. டேப் கெட்டுவிட்டதா, எமுலேட்டர் அமைப்பு தப்பா என்று முக்கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு திரையை மேலே உருட்டிப் பார்த்தால் என் லட்சணம் தெரிந்தது. டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது, கெர்னல் எங்கிருந்து வரும்?

3999 என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்கே05 என்ற அந்த டிஸ்க்கில் மொத்தம் 4872 பிளாக், அதாவது ஏறக்குறைய இரண்டரை மெகாபைட். என் மச்சினன் தினமும் காலையில் அனுப்புகிற ரோஜாப்பூ வீடியோ அதைவிடப் பெரிது. முதல் 4000 பிளாக் கோப்புகளுக்கு. மீதி 872, நினைவகத்தில் இடம் போதாத நிரல்களைத் தற்காலிகமாக வெளியே கொண்டுவந்து வைக்க. கூடத்தில் இடம் இல்லையென்றால் திண்ணையில் உட்கார வைப்பதில்லையா, அதுபோல.

இரண்டாம் தடவை ஒழுங்காக ஏறியது. ஆனால் வந்த எழுத்தெல்லாம் பெரிய ஆங்கில எழுத்து! அன்றைக்குக் கன்சோல், அதாவது ஆபரேட்டர் கட்டளை அடிக்கும் கருவி, என்றால் பெரும்பாலும் டெலிடைப் 33 தட்டச்சுப்பொறி. அதில் சின்ன எழுத்தே கிடையாது, வினாடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். அதனால் கெர்னலே அப்படி எதிர்பார்த்துத்தான் எழுகிறது. ஒரு கட்டளை கொடுத்து அதைச் சின்ன எழுத்துக்கு இறக்கினேன். அடுத்து அழிப்பான். எழுத்தை அழிக்க # குறி, வரி முழுவதையும் அழிக்க @ குறி. இங்கே பேக்ஸ்பேஸ் வெறும் கட்டைதான். ஈமெயில் முகவரி எதையாவது அடித்தால் @ வரைக்கும் அடித்தது என்ன ஆகும் என்று யோசித்துப் பார். கோப்பகம் மாற நம் விரலுக்குப் பழகிய சிடி கட்டளையும் கிடையாது, சிஎச்டிஐஆர் என்று முழுசாக அடிக்க வேண்டும். எடிட்டரில் என்ன தப்பு செய்தாலும் ஒரு ? மட்டும் போடும். நம் லேபில் அதைப் பார்த்துப் பயந்து கையை எடுத்தது போலவே அன்றைக்கும் எடுத்தேன்.

தேதி கேட்டேன். 1975 அக்டோபர் என்றது. நாம் மூணாவது வகுப்பு.

இதற்கெல்லாம் பிறகு நான் போன இடத்தைச் சொல்கிறேன். கெர்னலின் மூல நிரல் அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறது. அதற்குள் இரண்டு கோப்பகங்கள். ஒன்றின் பெயர் கென், இன்னொன்றின் பெயர் டிஎம்ஆர். யூனிக்ஸை எழுதிய கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும்தான்! கென் அறையில் கோப்பு முறைமை, புராஸஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) சமாச்சாரம் எல்லாம். டென்னிஸ் அறையில் டிஸ்க், டேப், டெர்மினல் போன்ற சாதனங்களுக்கான நிரல்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு மாதிரி இருக்கிறது. மொத்தமே 9000 வரிகளுக்கு உள்ளேதான். நான் பேங்கில் பார்த்த வட்டி கணக்கிடும் நிரல் ஒன்று மட்டும் அதைவிட நீளம். அதை முழுசாகப் படித்த ஆள் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை, நான் உட்பட.

படிக்க ஆரம்பித்தேன். தினம் ஐம்பது வரி. கூட்டிச் சேர்க்கும் குறியை அன்றைக்கு =+ என்று தலைகீழாக எழுதியிருக்கிறார்கள், கண் பழக நாலு நாள் ஆனது. கென் அறையில், ஒரு புராஸஸை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிற இடத்துக்கு வந்தபோது அந்த வரியைப் பார்த்தேன்: 'இது உங்களுக்குப் புரியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.' மாப்ளே, ஹாஸ்டல் அறைச் சுவரில் நீ கரிக்கட்டியால் எழுதி வைத்து வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே வரி!

அப்போது அதைத் திமிர் என்று நினைத்தோம். அப்படி இல்லையாம். பரீட்சையில் இது வராது என்கிற தொனியில்தான் எழுதியது, உண்மையில் எங்களுக்கே அப்போது அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று ரிட்சி பின்னாளில் விளக்கியிருக்கிறார். எனக்கு இப்போது பாதி புரிகிறது. ஒரு ஃபங்ஷன் (நிரல் துண்டு) உள்ளே நுழைந்தது ஒரு வாசலில், எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பு இருக்கும் ஸ்டாக்கை மாற்றிப் போட்டுவிட்டு வெளியே வருவது வேறொருவர் வீட்டு வாசலில். மீதிப் பாதி உன்னிடம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவில் ஒரு விபத்து. கரண்ட் போய், மடிக்கணினி பேட்டரியும் தீர்ந்து, சிங்க் கட்டளை கொடுக்காமலே எல்லாம் அணைந்துவிட்டது. நினைவகத்தில் இருந்தது டிஸ்க்குக்குப் போகவே இல்லை. மறுநாள் எழுப்பினால் ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் என்னுடையது என்கின்றன. தானாகச் சரிசெய்யும் வித்தை எதுவும் அங்கே கிடையாது. டிஸ்க்கைச் சோதிக்க ஐசெக், டிசெக் என்று இரண்டு நிரல்கள், நோட்டு, பேனா, நான். சொத்துத் தகராறு தீர்த்து வைக்கிற நாட்டாமை மாதிரி உட்கார்ந்து, ஒரு கோப்பைப் பலி கொடுத்து, காலி பிளாக் பட்டியலைப் புதிதாகக் கட்டினேன்.

இன்னொன்று. எடிட்டரில் ஆசைக்கு 'அ' என்று அடித்துப் பார்த்தேன். `. என்று ஒரு ஒற்றைக் குறியும் புள்ளியும்தான் வந்தன. நோட்டில் போட்டுப் பார்த்தேன். எழுத்துகளை எண்களாக மாற்றும் இன்றைய யுடிஎஃப்-8 முறையில் அ என்பது மூன்று பைட், ஆக்டலில் 340, 256, 205. ஆறாம் பதிப்பு ஒவ்வொன்றிலும் எட்டாவது பிட்டை வெட்டிவிடும், அதாவது 200-ஐக் கழித்துவிடும். மிச்சம் 140, 56, 5. முதலிரண்டும் அந்தக் குறியும் புள்ளியும். மூன்றாவதான 5, கண்ணுக்குத் தெரியாத கன்ட்ரோல்-இ. வேடிக்கை என்னவென்றால், சிம்எச்சை நிறுத்துகிற சாவியும் அதுதான்.

எட்டாவது பிட்டை வெட்டுகிற இந்த யூனிக்ஸை எழுதிய அதே கென் தாம்ஸன்தான், 1992 செப்டம்பரில் சக நிரலாளர் ராப் பைக்கோடு நியூஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கிற தாளில் யுடிஎஃப்-8-ஐ வரைந்தார். உன் பேத்தி உனக்குத் தமிழில் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொன்றும் அந்தத் தாளின் வழியாகத்தான் வருகிறது.

இப்போது என் காரியம். சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் 1976, 77 வாக்கில் இதே ஆறாம் பதிப்புக்கு வரிக்கு வரி உரை எழுதினாரே, நம்மூர் உரையாசிரியர்கள் மாதிரி. உரிமப் பிரச்சினையால் அச்சில் வர 1996 ஆகிவிட்டது. அதுவரை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாகவே ஊர் ஊராய்ப் போனது. சீனியர் ஒருவரிடம் வாங்கி நீ எடுத்து வைத்திருந்தாயே ஒரு மங்கலான பிரதி, பச்சை நாடா கட்டியது? அச்சுப் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் ஓரங்களில் நீ பென்சிலால் போட்ட படங்கள் அதில் இருக்காது. ஸ்டாக் மாறுகிற இடத்துக்கு நீ ஒரு படம் போட்டிருந்தாய், எனக்கு அதுதான் வேண்டும்.

தென்காசி வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று பார். முட்டியோடு நீ ஏணியில் ஏறாதே, பக்கத்து வீட்டுப் பையனை ஏறச் சொல். கிடைத்தால் கூரியரில் போடாதே. குற்றாலம் சீசனுக்கு எப்படியும் வருகிறேன், கையிலேயே வாங்கிக்கொள்கிறேன். மடிக்கணினியையும் கொண்டு வருகிறேன், அந்த ஆறு எண்களை நீயே அடி.

உன் பழைய ரூம்மேட்,
மதுரையிலிருந்து