கோடிக் கூடாரத்துக்கு எத்தனை கட்டில்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடிதான். சீசனுக்கு முந்தைய வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, எழுத உட்கார நேரமில்லை. போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் கடற்கரைக் கூடார வரிசையில் கோடியில் இருக்கும் கூடாரத்தை வழக்கம்போல உங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். பதிவு நோட்டில் அந்தப் பக்கத்தில் யார் பெயரையும் எழுத விடவில்லை. அதில் எத்தனை கட்டில் போடுவது என்று மட்டும் சொல். உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

மற்றபடி, போன சீசன் முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். உன் சித்தப்பா அவசரத்தில் இரண்டு கூடாரங்களை ஈரத்தோடு சுருட்டிக் கட்டிவிட்டார். இப்போது விரித்துப் பார்த்தால் மடிப்புக்கு மடிப்பு கரும்புள்ளி. ப்ளீச் ஊற்றலாம் என்றார், கையைப் பிடித்துத் தடுத்தேன். நூல் நைந்து, அடுத்த காற்றுக்கே கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான தூரிகையுமாக உன் அம்மாதான் வெயிலில் உட்கார்ந்து தேய்த்தாள். பூசணம் போய்விட்டது, கறை போகவில்லை. புதிதாக வந்த பருத்திக் கான்வாஸ் கூடாரம் முதல் தூறலிலேயே ஒழுகுகிறது என்று உன் அண்ணன் குதித்தான். அது அப்படித்தான் ஒழுகும். நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் உப்பி, தையல் ஓட்டைகள் தானாக அடைபடும். அவனுக்கு எதற்கும் பொறுமையில்லை, உனக்குத்தான் தெரியுமே.

வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறோம். வருகிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு படுக்கத்தான் ஆசைப்படுவார்கள் என்று அவன் சண்டை போட்டான். அலை ஒதுக்கிவிட்டுப் போன பாசிக் கோட்டை அழைத்துப் போய்க் காட்டினேன். ஓதம் அமாவாசை, பௌர்ணமி அன்றே உச்சத்தைத் தொடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் தொடும். அதோடு கடல் காற்றும் சேர்ந்தால் அந்தக் கோடு எங்கே நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

காய்ந்த மணலில் முளை அடித்தால் நிற்காது என்பதை இந்த முறை வேலைக்கு வந்த பையன்கள் நம்பவில்லை. ஒருவன் அடித்த முளையை என் சுண்டுவிரலால் பிடுங்கிக் காட்டினேன். பிறகு உன் முறைதான். முழங்கை ஆழத்துக்குக் குழி, பலகையின் நடுவில் கயிறு, இழுக்கும் திசைக்குக் குறுக்கே படுக்கப் போட்டு, மணலைத் தள்ளி, தண்ணீர் தெளித்து மிதிப்பது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. "என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கண்டுபிடித்துச் சொன்னது" என்றேன். எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாய் என்பது அவர்களுக்கு எதற்கு? அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஒரு வரி பதில் எழுதக் கை வரவில்லை.

ஷவர் அறைக்கு மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், உடனே விழுந்தது. நல்ல வேலை. அவரிடம் சொல். சொல்ல முடிந்தால் சொல், இல்லாவிட்டாலும் ஒன்றும் அவசரமில்லை. கொக்கிகளைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி வாங்கினோம், பழுப்பாக வழிகிறது. அது 304 ரகம். உப்புக்காற்றுக்கு 316தான் தாங்கும் என்று அவர் அப்போதே சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தண்ணீர்க் குழாய்களை எல்லாம் திறந்து ஓடவிட்டாயிற்று. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற குழாயில் நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும். ஷவர் தலைகளைக் கழற்றி, உப்புப் படிவைச் சுரண்டி, வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைத்திருக்கிறோம். நீயும் எங்காவது போய்ப் பல நாள் கழித்து வீடு திரும்பினால் ஷவரைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் வெகுநேரம் விழித்திருக்காதே. அம்மா போன் செய்யும்போது உன் குரல் எப்போதும் தூக்கம் இல்லாத குரலாகவே இருக்கிறதாம்.

முன்பெல்லாம் "அவர் வெளியே போயிருக்கிறார்" என்பாய். இப்போது "வீட்டில் யாரும் இல்லை" என்கிறாய். அம்மாதான் இதைக் கவனித்தாள். நான் அப்படியெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை.

நீ எழுதிய எச்சரிக்கைப் பலகை வெளுத்துவிட்டது. "கூடாரத்துக்குள் கரியடுப்பு கூடாது" என்ற உன் எழுத்தின் மேலேயே அண்ணன் தூரிகையை ஓட்டினான். போன சீசனிலும் ஒரு குடும்பம் குளிருக்கு அணைத்தும் அணையாத அடுப்பை உள்ளே எடுத்துப்போகப் பார்த்தது. மணமும் இல்லாமல் நிறமும் இல்லாமல் வரும் அந்த வாயு ஆளையே முடித்துவிடும் என்று படித்தவர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பலகையில் 'கூ' மட்டும் இன்னும் உன் கையெழுத்து மாதிரியே இருக்கிறது, மற்றதெல்லாம் அவன் கோணல்.

ஒரு கட்டில் என்றாலும் கூடாரம் உன்னுடையதுதான். ஏன் என்று நான் கேட்கமாட்டேன். உன் அம்மாவைக் கேட்கவிடாமல் இருக்க என்னாலானதைச் செய்கிறேன், அதற்குமேல் உறுதி கொடுக்க முடியாது. சீசன் முழுக்க இரு, பாதி இரு, அது உன் விருப்பம். இங்கே வந்தால் வேலை வாங்காமல் விடமாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பதிவு நோட்டை யாராலும் ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே நாளில் ஒரே கூடாரத்துக்கு இரண்டு குடும்பத்தை எழுதி வைத்திருக்கிறார் உன் சித்தப்பா.

தனியாக வருவதென்றால் பகலிலேயே வந்து சேர். ஆமைக் குஞ்சுகள் திசை மாறிப் போகின்றன என்பதால் கடல் பக்கம் விளக்குகளைக் குறைத்துவிட்டோம். இருட்டில் பலகைப் பாதை தெரியாது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உன் சமையலறை அடுப்பின் ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், பார். தாண்டியிருந்தால் உடனே மாற்று. மாற்றியதும் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார். போன முறையும் சொன்னேன், நீ பார்த்திருக்கமாட்டாய்.