கால் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று எங்களுக்குப் புரியும்படி எழுதுங்கள்

பெங்களூரின் எலும்பு மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் வணக்கம்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் கொடுக்கும் தாளைப் பற்றித்தான் இந்த மடல். அதில் அப்டக்‌ஷன், அடக்‌ஷன் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. முதலாவது, காலை உடலின் நடுக்கோட்டை விட்டு விலக்குவது. இரண்டாவது, நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவருவது. உங்களில் பலர் தங்களுக்குள் பேசும்போதே ஏ-பி, ஏ-டி என்று எழுத்தைப் பிரித்துச் சொல்கிறீர்கள். போனில் கேட்கிற எங்களுக்கு அது எப்படி விளங்கும்?

என் மாமியாருக்குப் பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்தார்கள். வீட்டுக்கு வந்தபின், "அப்டக்‌ஷன் செய்ய வையுங்கள்" என்று போனில் சொன்னார்கள். உதவிக்கு வரும் அம்மா தாளில் அடக்‌ஷன் என்ற வரியைக் கண்டுபிடித்து, அதிலிருந்த படத்தைப் பார்த்துக் காலை உள்பக்கமாக இழுக்கத் தொடங்கிவிட்டார். அது செய்யக் கூடாதவற்றின் பட்டியல். மாமியார் கத்தியதால் நிறுத்தினார். மூட்டு நழுவவில்லை. அந்த அம்மாவிடம் கோபப்பட என்ன இருக்கிறது?

ஆபத்து என்னவென்று உங்களுக்குத் தெரியும். இந்த அறுவையில் மூட்டின் பின்புறத் தசைகளும் உறையும் வெட்டித் தைக்கப்படுகின்றன. அவை ஆறும்வரை, கால் இடுப்பில் 90 பாகைக்கு மேல் மடங்கி, நடுக்கோட்டைத் தாண்டி, உள்பக்கமாகத் திரும்பினால் மூட்டின் பந்து குழியிலிருந்து பின்னால் கழன்றுவிடலாம். அதனால்தான் பல மருத்துவர்கள் 6 முதல் 12 வாரம் வரை கட்டுப்பாடு வைக்கிறார்கள், தொடைகளுக்கு நடுவே தலையணை வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் கால் நடுக்கோட்டைத் தாண்டுவது உடற்பயிற்சியில் மட்டும் இல்லை. நாற்காலியில் கால்மேல் கால் போடுவது, ஒருக்களித்துப் படுக்கும்போது மேல்கால் சரிந்து விழுவது, கட்டிலிலிருந்து அவசரமாக இறங்கும்போது ஒரு கால் இன்னொன்றின் குறுக்கே போவது, எல்லாம் அதுதான். இதைத் தாள் சொல்வதே இல்லை.

இன்னொன்று: கை விரல்களுக்கு நடுக்கோடு உடலின் நடுவில் இல்லை, நடுவிரலில். கால் விரல்களுக்கு இரண்டாவது விரலில். இடத்துக்கு இடம் மாறுகிற இந்தக் கணக்கைக் குடும்பத்தார் ஊகித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. "இந்தக் காலை மற்ற காலிலிருந்து விலக்குங்கள்", "மற்ற காலின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்" என்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் அச்சடியுங்கள். படத்தில் அம்புக்குறி போடுங்கள். கூடாத அசைவுகளைச் செய்ய வேண்டியவற்றோடு கலக்காமல் தனிப் பக்கத்தில், சிவப்பில் போடுங்கள். போனில் அந்த இரண்டு சொற்களையும் சொல்லவே வேண்டாம். அப்புறம், டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடும் முன், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரை உங்கள் கண்முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

அல்சூரிலிருந்து,
ஒரு மருமகள்