பழைய ரவுட்டரை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் வைஃபை அறைக்கு அறை அறுந்து அறுந்து வந்தால் பழைய ரவுட்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு பல பெட்டிகள் ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து வேலை செய்யும் மெஷ் செட் வாங்கிவிடுங்கள் என்று நம் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் யோசனை சொல்லியிருந்தீர்கள். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் வேறு வழியே இல்லாத மாதிரி எழுதியிருந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போன மழைக்காலம் முழுக்க நான் இதே வேலையில்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். தாத்தா காலத்துக் கருங்கல் சுவர், மேலே தகரம், வீட்டை ஒட்டிக் காப்பிக் களம், களத்துக்கு அந்தப் பக்கம் குடோன். வீட்டின் முன்பக்கம், பின்பக்கம், குடோன் என்று மூன்று ரவுட்டர், மூன்றும் வெவ்வேறு வருடம் வாங்கியவை. அம்மா ஹாலில் உட்கார்ந்து பேத்தியோடு வீடியோவில் பேச ஆரம்பித்து, பேசிக்கொண்டே களத்துக்கு நடப்பார். பாதிக் களம் தாண்டுவதற்குள் பேத்தியின் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். எதிரே குடோன் ரவுட்டர் முழுச் சிக்னலோடு நிற்கிறது, போனோ ஹால் ரவுட்டரின் கடைசிக் கோட்டை உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இங்கே யாரைக் கேட்டாலும் மேகமூட்டம்தான் காரணம் என்பார்கள். இந்தத் தூரத்துக்கு மூட்டம் வைஃபையை ஒன்றும் செய்யாது. கருங்கல்லும் தகரமும் செய்யும், அதைவிட போனின் பிடிவாதம் செய்யும்.

பலருக்குத் தெரியாத விஷயம், ஒரு ரவுட்டரை விட்டு இன்னொன்றுக்கு எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது போன்தான், ரவுட்டர் இல்லை. அந்த முடிவுக்கு உதவத்தான் 802.11 என்ற வைஃபை தரத்தில் கே, வி, ஆர் என்று மூன்று சேர்க்கைகள் வந்தன. பக்கத்தில் எந்தெந்த ரவுட்டர் இருக்கிறது என்ற பட்டியலைப் போனுக்குக் கொடுப்பது கே. 'நீ அந்தப் பக்கம் போனால் நல்லது' என்று ரவுட்டர் சொல்வது வி. சொல்லத்தான் முடியும், கேட்பது போனின் இஷ்டம். தாவும்போது போனும் ரவுட்டரும் ஒன்றையொன்று சரிபார்க்கச் செய்கிற ரகசியச் சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்குவது ஆர். கே, ஆர் இரண்டும் 2008-இல் வந்தவை, வி 2011-இல். இதைத்தான் இன்றைக்கும் புத்தம் புதிய வசதி மாதிரி பெட்டிமேல் போட்டு விற்கிறார்கள். என் அனுபவத்தில், வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு ஆர் பெரிய லாபம் தராது. கல்லூரி மாதிரி ஆளுக்கொரு லாகின் உள்ள இடத்தில்தான் அதன் அருமை தெரியும். போதாக்குறைக்கு, அதைப் போட்டதும் எங்கள் பழைய பிரிண்டர் நெட்வொர்க்கில் சேரவே மாட்டேன் என்றது. எடுத்துவிட்டேன்.

சரி, பழைய ரவுட்டரில் இதெல்லாம் ஏன் இல்லை? கேயும் வியும் பெரும்பாலும் மென்பொருள் வேலைதான், பழைய சிப்புகள் பலவும் தாங்கும். இல்லாதது இடம். அந்தக் காலத்து மலிவு ரவுட்டர்களில் மென்பொருளைச் சேமித்து வைக்கும் ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பி, கொஞ்சம் தாராளம் என்றால் 8 எம்பி. போனில் எடுக்கிற ஒரு போட்டோவின் அளவுக்குள் லினக்ஸ் என்ற முழு இயங்குதளமே குடித்தனம் நடத்துகிறது. தயாரித்தவர்கள் அப்டேட்டை நிறுத்திய பிறகும் இந்தப் பெட்டிகளை ஓட வைப்பது ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள், 2004-இல் இருந்து இருக்கிறது. அதில் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் நிரலுக்கு டபிள்யூபேட் என்று பெயர். இடம் போதாது என்று நான் ஏற்றிய பதிப்பில் அதன் சுருக்கப்பட்ட வடிவத்தைத்தான் வைத்திருந்தார்கள். தாவல் யோசனை சொல்லும் பகுதிக்கு முழு வடிவம் வேண்டும், அதற்குச் சில நூறு கேபி கூடுதலாக வேண்டும்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்கிற தப்பு. இருப்பதைக் கழற்றிவிட்டு முழு வடிவத்தைப் போடப் பார்த்தேன், 'இடம் இல்லை' என்று வந்தது. கழற்றியும் எப்படி இடம் இல்லாமல் போகும் என்று ஒரு ராத்திரி முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் புரிந்தது. ஃபர்ம்வேரோடு கூட வந்தவை, படிக்க மட்டுமே முடிகிற ஒரு பகுதியில் அமுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் அழித்தால் அவை கண்ணுக்கு மறைகின்றன, அவ்வளவுதான். பரண்மேல் இருக்கும் அண்டாவைத் துணி போட்டு மூடிவிட்டுப் பரண் காலியாகிவிட்டது என்று சொல்வது போல.

வழி காட்டியது சேலத்தில் பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன். "மாமா, நெட் கனெக்ஷனை எடுக்கிறது ஃபைபர்காரன் வச்ச பெட்டி. குடோன்ல இருக்கிறது வெறும் வைஃபை குடுக்கிற பெட்டிதானே, அதுக்குள்ள டயல் பண்ற புரோகிராம் எதுக்கு?" என்றான். நியாயமான கேள்வி. டயல் பண்ணும் நிரல் வேண்டாம், ஃபயர்வால் வேண்டாம், ஐபி முகவரி கொடுக்கும் நிரல் வேண்டாம், எல்லாவற்றையும் ஃபைபர் பெட்டியே பார்த்துக்கொள்கிறது. பிரவுசரில் திறக்கும் செட்டிங்ஸ் பக்கமும் வேண்டாம், கட்டளை வரியே போதும். ஓபன்டபிள்யூஆர்டிகாரர்களே இமேஜ் பில்டர் என்று ஒன்று கொடுக்கிறார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அதன்படி புது ஃபர்ம்வேர் கோப்பாகவே கட்டித் தரும். முழு டபிள்யூபேடில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரல் சேர்ந்த வகை இடத்தைத் தின்னும் பெருந்தீனிக்காரன். அதே வேலையைச் செய்யும் சின்ன நிரலான எம்பெட்டிஎல்எஸ் சேர்ந்ததை எடுத்தோம். ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி, எந்தப் போன் எங்கே இருந்தால் நல்லது என்று பார்க்கிற யூஸ்டீர் என்ற சின்ன நிரலையும் சேர்த்தோம். 8 எம்பி ரவுட்டர்கள் இரண்டிலும் எல்லாம் அடங்கி, கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

4 எம்பி ரவுட்டரில் தோற்றேன். அந்த வகைக்கு 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்தது, அந்தப் பதிப்புக்கும் 2022-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் கிடையாது. அடித்துப் பிடித்து உள்ளே திணிப்பதில் அர்த்தமில்லை என்று அதன் வைஃபையை அணைத்து, கேபிள் பிரிக்கும் ஸ்விட்ச் ஆக்கிவிட்டேன்.

இப்போது அம்மாவின் போன் களத்தின் நடுவிலேயே தாவிவிடுகிறது. எங்கள் தோட்டக் கணக்கு பார்க்கும் ரைட்டரின் பழைய போன் மட்டும் யார் சொல்வதையும் கேட்பதில்லை. அதற்கு மருந்து ஃபர்ம்வேரில் இல்லை, ரவுட்டர் சிக்னல் அனுப்பும் சக்தியைக் குறைப்பதில் இருக்கிறது. எல்லோரும் நேர்மாறாகச் செய்வார்கள், எல்லா ரவுட்டரையும் முழுத் தொண்டையில் கத்த விடுவார்கள். ஹால் ரவுட்டரின் குரல் குடோன் வரை கேட்டால் போன் எதற்கு இடம் மாறும்? குறைத்து வைத்தால் தானாக விட்டுவிடும். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் 1, 6, 11 என்று பிரிந்திருக்கட்டும். காசு செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு தலைவலி தீர்ந்துவிடும்.

செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணோடு வெர்ஷனையும் பாருங்கள், ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சாமான் இருக்கும். ஃபர்ம்வேர் எழுதும்போது கரண்ட் போனால் ரவுட்டர் செங்கல் ஆகிவிடும், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மலைமேல் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் ஆத்திரம் எல்லாம் பெட்டிமேல் அச்சடிப்பவர்கள்மீதுதான். எத்தனை எம்பிபிஎஸ் வேகம், எத்தனை ஆன்டெனா என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், ஃபிளாஷ் எவ்வளவு என்று போடுவதில்லை. இது இன்று நேற்றைய கதையும் இல்லை. லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற புகழ்பெற்ற ரவுட்டரில் 2005-இல் ஐந்தாம் வெர்ஷன் வந்தபோது ஃபிளாஷை 4 எம்பியிலிருந்து 2 எம்பியாக வெட்டினார்கள், லினக்ஸையும் எடுத்தார்கள். அப்புறம் லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக ஜிஎல் என்று தனி மாடல் விட வேண்டி வந்தது.

ஆகவே அடுத்த முறை ரவுட்டர் விமர்சனம் எழுதும்போது ஃபிளாஷ் எத்தனை எம்பி, ரேம் எத்தனை எம்பி என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். கடைகளில் சொல்ல ஆளில்லை. போன மாதம் சேலத்தில் ஒரு கடையில் கேட்டபோது, அந்தத் தம்பி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்டெனா நாலு இருக்கு சார்" என்றார்.

இப்படிக்கு,
காப்பித் தோட்டக்கார வாசகர்,
ஏற்காடு.