கணப்பு டைல்ஸ்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

இஸ்ஃபஹான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பட்டறையை உங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பலர் வீட்டுக் கணப்பைச் சுற்றி இருக்கும் பூவும் பறவையும் இங்கேயிருந்து வந்தவைதான். சில வீடுகளில் அப்பாவுக்குச் செய்துகொடுத்தோம், பிறகு மகன் கட்டிய மாடிக்கும் செய்துகொடுத்தோம்.

சில வாரங்களாக ஒரு பேச்சு பரவிவருகிறது. தெஹ்ரானில் ஒரு வீட்டுக் கணப்பைப் படமெடுத்து, இடப்பக்கத்துப் பறவையும் வலப்பக்கத்துப் பறவையும் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆகவே இது கைவேலை இல்லை, ஸ்டிக்கர் ஒட்டிச் சுட்டது என்று எழுதியிருக்கிறார்கள். விலை கூடுதல் என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஹஃப்த் ரங் என்ற ஏழுவண்ண வேலையில் இரண்டு பக்கமும் ஒத்திருப்பதுதான் முறை. முழு அளவில் பாதிப் படத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிடுகிறோம். வெள்ளைப் பூச்சு போட்ட டைல்ஸ் மேல் அதை வைத்து, துணியில் முடிந்த கரித்தூளால் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். தாளைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம். அதற்கப்புறம் எல்லாம் தூரிகைதான். மாங்கனீசில் எண்ணெய்ப்பசை கலந்து கோடு இழுக்கிறோம். ஒரு நிறம் இன்னொன்றில் பாயாதபடி அந்தப் பசை வரப்பாக நின்று, சூளையில் எரிந்துபோகும். மங்கலான கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். சந்தேகம் உள்ளவர்கள் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நிறம் மின்னும், கோடு மின்னாது. விரலால் தடவினால் நிறம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பது தெரியும். பறவையின் கண்ணையும் இறகு நுனியையும் பாருங்கள், அங்கே இரண்டும் ஒன்றாக இருக்காது. தாள் வைத்துப் படம் இறக்குவது ஏமாற்று என்றால், இந்த ஊரில் எந்த உஸ்தாதும், அதாவது தொழில் ஆசானும், கைவேலை செய்யவில்லை என்றுதான் ஆகும்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது? மன்னர் ஷா அப்பாஸ் எங்கள் ஊரில் 1611-இல் தொடங்கிய மசூதியின் பெரும்பகுதிச் சுவரும் ஏழுவண்ண வேலைதான். வெட்டி ஒட்டும் மொஅர்ரக் முறையில் அத்தனை சுவரை மூட நெடுங்காலம் பிடித்திருக்கும். தெஹ்ரானில் தந்தித் துறையை நடத்திய ராபர்ட் மர்டாக் ஸ்மித்துக்கு டைல்ஸ் செய்துகொடுத்த எங்கள் ஊர்க்காரர் அலி முகம்மது இஸ்ஃபஹானி தொழில்முறையை எழுதியே வைத்தார். 1888-இல் அது எடின்பரோவில் ஆங்கிலத்தில் அச்சானது.

மாதிரிக்கும் வந்த சரக்குக்கும் பச்சைநீலம் சற்று மாறுகிறது என்பது இன்னொரு குறை. அது செம்பிலிருந்து வரும் நிறம், சூளையில் எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்துக்கூட மாறும். அதனால்தான் உபரி டைல்ஸையும் சேர்த்தே ஆர்டர் செய்யச் சொல்கிறோம். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

இந்தப் பேச்சு கிளம்பியதும், "எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டுப் பாருங்கள்" என்று அறிமுகமில்லாதவர்களைக்கூட அழைத்துக் காட்டியிருக்கிறீர்கள். பட்டறையில் எல்லோரிடமும் அதைச் சொன்னோம். எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உங்கள் வீட்டு விளக்கு என்றும் எரியட்டும்.

கோடு இழுக்கும் மூத்த உஸ்தாத் நோரூஸ் புத்தாண்டோடு ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடம் பழகிய மாணவிதான் இப்போது அந்த வேலையைச் செய்கிறார். கோடு சுத்தம், வேகம்தான் இன்னும் வர வேண்டும். 2018-இல் ஈரான் மீது அமெரிக்கத் தடைகள் திரும்பியதிலிருந்து எங்கள் நாணயமான ரியாலின் மதிப்பு இறங்கிக்கொண்டே இருக்கிறது. கோபால்டும் பூச்சுப் பொருளும் அதற்கேற்ப ஏறிவிட்டன. குளிர் கடுமையானால் சூளைக்கு எரிவாயுவும் சரியாக வருவதில்லை. ஆகவே விலையைச் சற்று மாற்றியிருக்கிறோம். முன்பணம் கட்டி அளவை இன்னும் உறுதி செய்யாதவர்களுக்கும் புதிய விலைதான்.

இந்தக் குளிருக்குள் வேண்டுமென்றால் மொர்தாத் (ஜூலை-ஆகஸ்ட்) மாதத்துக்குள் அளவு அனுப்பிவிடுங்கள். கணப்பு வாயின் அகலம், உயரம், மேலே வளைவு உண்டா, எரிப்பது விறகா எரிவாயுவா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்