சோபாவுக்கு அடியில் இருக்கும் கறை

பவானி

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீடு மாறுவதற்காக சோபாவை நகர்த்தினால் கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செங்கல் நிறக் கறை இருக்கிறது, எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை என்று நேற்று போனில் சொன்னாய். வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார் என்று வேறு புலம்பினாய். உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. அது நான் செய்த வேலைதான் கண்ணு.

உன் பேறுகாலத்துக்கு நியூ ஜெர்சி வந்திருந்தபோது, ஒரு நாள் நீங்கள் இரண்டு பேரும் குட்டிக்கு ஊசி போடப் போயிருந்தீர்கள். டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், தட்டு சரிந்து சாம்பார் கொட்டிவிட்டது. அப்போது வெறும் மஞ்சள் கறைதான். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். இன்னும் பரவியது. அலமாரியில் ஆர்ம் அண்ட் ஹாமர் ஆரஞ்சுப் பெட்டி இருந்ததா, நம்ம ஆப்ப சோடாதானே என்று தண்ணீரில் குழைத்து அப்பினேன். கண்ணெதிரே கறை சிவந்துவிட்டது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவக்க வைத்தே அறுபது வயசாகிவிட்டது எனக்கு. சோடாவும் சுண்ணாம்பு மாதிரிக் காரம்தான், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நீங்கள் வருவதற்குள் சோபாவை ஒரு அடி தள்ளிப் போட்டேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் துணி அலமாரிக்குள்ளும் கார்ப்பெட் ஓடுகிறதே, முதலில் அங்கே யாரும் பார்க்காத மூலையில் வினிகர்த் தண்ணீரைத் தொட்டுவைத்துப் பார். சாயம் விடவில்லை என்றால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்துப் பிழிந்து, கறை மேல் ஒற்றி ஒற்றி எடு. தேய்க்காதே. தேய்த்தால் கறை நூலின் அடிக்குப் போய்விடும், இழையும் பஞ்சாகிவிடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வா. புளிப்பு பட்டதும் சிவப்பு திரும்ப மஞ்சளாகும். பயப்படாதே, அதுதான் வேண்டும். மஞ்சளின் சாயம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மருந்துக்கடையில் ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட் கிடைக்கும், அதைத் துணியில் தொட்டு ஒற்று. அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். துணியில் மஞ்சள் ஏற ஏறத் துணியை மாற்றிக்கொண்டே இரு.

தண்ணீரைக் கொட்டிவிடாதே. நம்ம ஊர் ஜமக்காளம் என்றால் துவைத்து மொட்டை மாடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். உன் வீட்டில் சுவரிலிருந்து சுவர்வரை தரையோடு அடித்து வைத்திருக்கிறார்கள். அடியில் இருக்கும் ஸ்பான்ஞ்சு நனைந்து ஒன்றிரண்டு நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், குட்டி அதில்தான் தவழ்கிறாள். ஒற்றி முடித்ததும் காய்ந்த துண்டை வைத்து மேலே ஏறி நில். அப்புறம் ஃபேனைப் போடு.

நெட்டில் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றச் சொல்கிறார்களே, அதை நம்பாதே. நுரைக்கிறதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சம் இருப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். பாத்ரூம் கழுவும் ப்ளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதே, வருவது விஷ வாயு.

சோடா உனக்கு வேறு வேலைக்கு ஆகும். அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே தாளித்த வாசனை வரும், உனக்குப் பழகிவிட்டதால் தெரியாது. காலி செய்வதற்கு முந்தின ராத்திரி, மஞ்சள் கறை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, காய்ந்த கார்ப்பெட் மேல் டீ வடிகட்டியில் சோடாவைச் சலித்துத் தூவி, காலையில் வாக்குவம் போடு. தூள் ரொம்ப நைசு, ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், முடித்ததும் தட்டிவிடு. நெய் சொட்டின இடத்தில் சோளமாவைப் போட்டு அரை மணி நேரம் விட்டால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். குட்டி பால் கக்கின இடத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். மாப்பிள்ளை ஆசையாக வாங்கின கம்பளி விரிப்புக்கு சோடாவே ஆகாது, அதை ஊருக்கு வரும்போது கொண்டு வா. பட்டுப்புடவைக்குப் போடுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நானே அலசித் தருகிறேன்.

ஸ்பிரிட்டுக்கும் போகாமல் லேசாக மஞ்சள் நின்றால் கடைகடையாக ஏறிக் கெமிக்கல் வாங்காதே. உங்கப்பா வேட்டியில் சாம்பார் சிந்தினால் நான் என்ன செய்வேன்? அலசிவிட்டு வெயிலில் போடுவேன், இரண்டு நாளில் மஞ்சள் வெளுத்துவிடும். கார்ப்பெட்டை வெயிலுக்குத் தூக்கிப் போக முடியாது, ஆனால் அந்த ஹாலில் மதியம் ஜன்னல் வழியாக வெயில் சோபா வரைக்கும் வருமே, அங்கே உட்கார்ந்துதானே குட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். திரையை ஒதுக்கி வை. சோபாவைத் திரும்ப அந்த இடத்தில் போடாதே. காலி பண்ண இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே.

உங்கப்பாவிடம் சொல்லிவிடாதே. வருஷம் பூராவும் சொல்லிக் காட்டுவார்.

அன்புடன்,
அம்மா