‘சொன்னால் சரியல்ல’ எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ஊராட்சிக் கூட்டத்தில் நடந்த வாய்த்தகராறு பற்றிய செய்தியைப் படித்தேன். “‘நான் பார்த்துக்கிறேன்’ என மிரட்டல்” என்று தலைப்பு. இரண்டு முறை படித்தும், எதிரில் இருந்தவர் என்ன சொன்னதற்கு அவர் அப்படிச் சொன்னார் என்பது செய்தியில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 29 வருடம் குற்றவியல் நீதிமன்றங்களில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சி கூண்டில் நின்று சொல்லச் சொல்ல, நடுவர் எடுத்துக் கொடுப்பதை அடித்துத் தருவதுதான் வேலை. முதலில் தட்டச்சுப்பொறி, அப்புறம் கம்ப்யூட்டர்.

குறுக்கு விசாரணையில் கேள்வி தனி, பதில் தனி என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. இரண்டையும் கோத்து, சாட்சியே பேசுவது போல ஒரே வாக்கியமாக்கிவிடுவோம். “நீங்க அந்த இடத்துலேயே இல்ல, பொய் சாட்சி சொல்றீங்க” என்பார் வக்கீல். “இல்லைங்க” என்பார் சாட்சி. தாளில் இப்படி விழும்: “நான் சம்பவ இடத்தில் இல்லை என்றும், பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.” இதில் சாட்சியின் குரல் கடைசியில் உள்ள ‘சரியல்ல’ மட்டும்தான். மற்றதெல்லாம் வக்கீலுடையது. ஒருமுறை இப்படி ஒரு வாக்கியம் பக்கத்தின் அடியில் பாதியில் நின்று, ‘சொன்னால் சரியல்ல’ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. எதிர்த்தரப்புக்காரர் முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் போட்டு, “பாருங்கய்யா, அவனே ஒத்துக்கிட்டான்” என்று டீக்கடையில் காட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தமிழில் ஆமாவா இல்லையா என்பது வாக்கியத்தின் வாலில் இருக்கிறது, வாலை நறுக்கினால் போதும். இப்போது செல்போனில் பேச்சை வெட்டி அனுப்புகிறவர்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

‘பார்த்துக்கிறேன்’ விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் தம்பி கிணற்றுப் பங்குத் தகராறு ஒன்று, கொலை மிரட்டலுக்கான 506(2) வழக்காக வந்தது. “நான் பார்த்துக்கிறேன் என்று மிரட்டினார்” என்று புகாரில் தம்பி எழுதிக் கொடுத்திருந்தார். கூண்டில் ஏறியும் அதையே சொன்னார். அண்ணன் தரப்பு வக்கீல் வயதானவர், அதட்டத் தெரியாதவர். “அதுக்கு முன்னாடி நீங்க என்ன கேட்டீங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, சரி பண்ற செலவு யாரோடதுன்னு கேட்டேன்” என்றார். அடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நடுவர் தலை நிமிராமலே “அதையும் அடிங்க” என்றார்.

இதில் தம்பி முழுப் பொய் சொன்னார் என்றும் எனக்குப் படவில்லை. ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் அப்படிச் சொன்னால், காதில் வேறு மாதிரிதான் விழும். அதே நாள் நீதிமன்ற வராந்தாவில் ஒரு அம்மா தன் பிள்ளையிடம், “இப்ப உட்காரலைன்னா கொன்னே போட்டுருவேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை சிரித்துக்கொண்டு மடியில் ஏறியது. அதன்மேல் யார் வழக்குப் போடுவது?

இது தட்டச்சரின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 39ஆவது பிரிவே, ஒரு நீண்ட உரையாடலின் துண்டைச் சாட்சியமாகக் கொடுத்தால், அதை முழுதாக விளங்கிக்கொள்ள உரையாடலில் எவ்வளவு தேவை என்று நீதிமன்றம் கருதுகிறதோ அவ்வளவும் வர வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் அது 33ஆவது பிரிவாக இருக்கிறது.

நிருபர்கள் நீதிமன்றம் நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்குள் செய்தி கொடுத்தாக வேண்டும், இடமும் குறைவு, புரிகிறது. ஒருவர் சொன்னதை மேற்கோளுக்குள் போடும்போது, அது எதற்குப் பதில் என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால், ‘மிரட்டல்’ என்ற தீர்ப்பைத் தலைப்பில் எழுதாமலாவது இருக்கலாம்.

இந்தக் கடிதத்தையும் இடம் கருதிச் சுருக்குவீர்கள், அது வழக்கம்தான். எங்கே வேண்டுமானாலும் கை வையுங்கள். அந்தப் ‘பொய் சாட்சி சொல்கிறேன்’ வாக்கியத்தை மட்டும் நடுவில் நறுக்கிவிடாதீர்கள். கீழே கையெழுத்துப் போடுகிறவன் நான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
திண்டுக்கல்.