கையில நன்மை வாங்கினா பதிதரா?

ஆசிரியர் ஃபாதர் அவர்களுக்கு தோத்திரம்.

போன இதழ் வாசகர் பக்கத்துல, பூசையில நன்மைய, அதாவது நற்கருணைய, நாக்குல வாங்காம கையில வாங்குறவங்க எல்லாரும் பதிதர்னு, அதாவது விசுவாசத்த மறுக்குறவங்கன்னு, ஒருத்தர் எழுதியிருக்கார். அவர நான் குறை சொல்லல, நற்கருணை மேல அவருக்கு உள்ள பக்தி எனக்குப் புரியுது. ஆனா அத அப்படியே அச்சுல போட்டது நீங்க. பதிதர்ங்கிற வார்த்தைக்கு என்ன கனம்னு குருமடத்துல படிச்ச உங்களுக்கு நான் சொல்லணுமா ஃபாதர்?

ஞானஸ்நானம் வாங்கினவன், விசுவசிச்சே ஆகவேண்டிய சத்தியம் ஒண்ண பிடிவாதமா மறுத்தா, இல்ல பிடிவாதமா சந்தேகப்பட்டா அதுதான் தப்பறைன்னு திருச்சபைச் சட்டம் 751 சொல்லுது. அந்தத் தப்பறையில இருக்குறவன்தான் பதிதன். நாக்குலயா கையிலயாங்கிறது வெறும் ஒழுங்குமுறை. ஆயர் பேரவை கேட்டா கையில கொடுக்கலாம்னு 1969லயே ரோமாபுரி வழி விட்டாச்சு. நாலாம் நூற்றாண்டுலயே எருசலேம் ஆயர் புனித சிரில், இடது கைய வலது கைக்கு சிம்மாசனமா வச்சு வாங்குங்கன்னு போதிச்சிருக்கார். அவரும் பதிதரா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, கொரோனா சமயத்துல கையிலதான் வாங்கணும்னு சொன்னாங்கன்னு எங்க அம்மா 81 வயசுல முதல் தடவையா கைய நீட்டினாங்க. பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே ஒருத்தர் இதே வார்த்தைய அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னார். மூணு ஞாயிறு அம்மா நன்மைக்கே போகல, வீட்டுல ஜெபமாலைய பிடிச்சிக்கிட்டு அழுதுட்டு இருந்தாங்க.

எங்க பங்குலயே ஒரு அண்ணாச்சி இருக்கார், முழந்தாள் போட்டு நாக்குலதான் வாங்குவார், கையில கொடுக்குறதால பயபக்தி குறைஞ்சிபோச்சுன்னு என்கிட்ட முப்பது வருஷமா சண்ட போடுறார், அதுல பாதி நியாயம் உண்டுன்னு நானும் ஒத்துக்குவேன், ஆனா ஒரு நாள்கூட அவர் என்ன பதிதன்னு சொன்னதில்ல. அந்தியோக்கியாவுல பவுல் பேதுருவ நேருக்கு நேரா எதிர்த்தாரே, கலாத்தியர் ரெண்டாம் அதிகாரத்துல இருக்கு, அதுக்காக ஒருத்தர ஒருத்தர் பதிதர்னா சொல்லிக்கிட்டாங்க?

நம்ம மதுரைக்கு 1606ல வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி சாமிய, குடுமியும் பூணூலும் சந்தனமும் வச்சிருந்தார்னு அவரோட இருந்த சேசுசபை சாமியாரே புகார் பண்ணினார். அதெல்லாம் தப்பில்லன்னு 1623ல பாப்பரசர் 15ஆம் கிரகோரி சொல்ற வரைக்கும் அந்த மனுஷன் எவ்வளவு பேச்சு கேட்டிருப்பார்! இலங்கையில திஸ்ஸ பாலசூரிய சாமி மாதா பத்தி புத்தகம் எழுதினது 1990ல, ரோமாபுரி அவர திருச்சபைய விட்டு விலக்கினது 1997 ஜனவரியில, அடுத்த ஜனவரியிலேயே திரும்ப சேத்துக்கிட்டாங்க. அவங்களே அத்தன வருஷம் எடுத்துக்கிட்ட விஷயத்த நம்ம பத்திரிகை ஒரே வரியில தீர்ப்பு சொல்லிடுது.

நாலு வருஷம் முன்ன உபதேசியார்கள் சம்பளம் பத்தி நான் எழுதினத பாதியா வெட்டினீங்க, கேட்டப்போ இடமில்லன்னீங்க. அது இன்னும் மனசுல கிடக்கு, சொல்லாம இருக்க முடியல.

நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த 751ஆம் சட்டத்த, அதே வாசகர் பக்கத்துல, தமிழ்ல, கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க. அம்மாவுக்கு சின்ன எழுத்து தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
தூத்துக்குடி